பட்டை போக எவ்வளவு மரம்?

மும்பையின் மாதுங்காவில் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றிக் காலை நடை போகிறவர்களுக்கு அங்கே நிற்கும் பெரிய மரங்கள் முகம் தெரிந்தவை. மாநகராட்சியின் மரக் கணக்கெடுப்பில் அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கிறது: என்ன மரம், எவ்வளவு உயரம், எவ்வளவு சுற்றளவு. மகாராஷ்டிரத்தின் 1975ஆம் ஆண்டு நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தக் கணக்கைக் கேட்கிறது. சுற்றளவை எடுக்கும் உயரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்திய வனத்துறைகளில் தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது பழைய நாலரை அடி. ஐரோப்பாவில் 1.30 மீட்டர். குனியாமல், எம்பாமல், டேப்பை மார்புக்கு நேராகப் பிடித்துச் சுற்றலாம் என்பதைத் தவிர இந்த உயரத்துக்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

டேப் தொடுவது பட்டையைத்தான். கட்டை அதற்கு உள்ளே இருக்கிறது. பதிவேட்டில் ஏறும் எண்ணில் கட்டை எவ்வளவு, பட்டை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டுமானால் மரத்தைக் குத்திப் பார்க்க வேண்டும், வெட்டிப் பார்க்க வேண்டும், அல்லது வெளியில் தெரியும் அளவுகளை வைத்துக் கணக்குப் போட வேண்டும். மூன்றாவது வழிக்காக வன அளவியல்காரர்கள் நூறு வருடங்களுக்கும் மேலாக மெனக்கெட்டு வருகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அற்பமான பிரச்சினைதான், சில மில்லிமீட்டர் விவகாரம். ஆனால் அந்த மில்லிமீட்டர்களைக் கேட்கிறவர் யார் என்பதைப் பொறுத்து அவற்றின் கனம் மாறுகிறது. தாராவியின் தோல் தொழிலோடு தொடர்புள்ளவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் எல்லையைச் சொல்லிவிடலாம். தச்சருக்குப் பட்டை என்பது சீவி எறிகிற மேல்தோல். தாவரவியல் கோடு போடும் இடம் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்கு. மரம் தடிப்பதெல்லாம் இந்த அடுக்கின் வேலைதான். உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் புளோயம் என்ற திசுவையும் அது பிறப்பித்துக்கொண்டிருக்கிறது. கேம்பியத்துக்கு வெளியே இருப்பது எல்லாமே பட்டைதான். அதில் உள்ளடுக்கு உயிரோடு இருக்கும். இலையில் தயாரான சர்க்கரை அதன் வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வெளியடுக்கு செத்துக் காய்ந்த கார்க். ஒரு மரத்தைச் சத்தமில்லாமல் சாகடிக்க நினைக்கிறவர்கள் அடியில் வளையமாகப் பட்டையை உரிப்பது இதனால்தான். வேருக்குச் சோறு போகும் வழி அறுந்துவிடுகிறது. நகரத்தில் கடைப் பலகையை மறைத்து நிற்கும் மரங்கள் சில, காரணம் தெரியாமல் பட்டுப்போவதற்குப் பின்னால் இந்த வளையத்தைத் தேடிப் பார்க்கலாம்.

இனி கணக்கு. சுற்றளவை 3.1416ஆல் வகுத்தால் விட்டம். பட்டை இரண்டு பக்கமும் இருப்பதால், கட்டையின் விட்டம் வேண்டுமென்றால் பட்டைத் தடிமனை இரண்டு முறை கழிக்க வேண்டும். சுற்றளவிலேயே கழிப்பதாக இருந்தால் ஒவ்வொரு சென்டிமீட்டர் பட்டைக்கும் 6.28 செ.மீ. போய்விடும். 150 செ.மீ. சுற்றளவுள்ள ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம், பட்டை ஒன்றரை செ.மீ. என்று வைப்போம். விட்டம் 47.7 செ.மீ. பட்டையை நீக்கினால் 44.7. சுற்றளவில் கிட்டத்தட்ட 9 செ.மீ. காணாமல் போகிறது. குறுக்குவெட்டுப் பரப்பில் பார்த்தால் பட்டையின் பங்கு 12 சதவீதம். ஒன்றரை செ.மீ. என்றதும் அற்பமாகத் தோன்றியது, எட்டில் ஒரு பங்கு மரமாக வந்து நிற்கிறது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போவதால் வரும் விளைவு இது. வெளிவட்டத்தில் இருக்கும் மெல்லிய வளையம், நடுவில் இருக்கும் தடித்த வளையத்தைவிட அதிக இடம் பிடிக்கும்.

தடிமனைக் கண்டுபிடிக்க வனத்துறைகளில் பட்டை கேஜ் என்ற கருவி உண்டு. ஸ்வீடனில் உருவான வடிவம்தான் உலகமெங்கும் பரவியது. ஒரு பக்கம் திறந்த குழல் போன்ற உளி, அதன் மேல் நகரும் உறை, அளவுக் கோடுகள், உள்ளங்கையில் வைத்து அழுத்த ஒரு கைப்பிடி. உளியைப் பட்டையில் அழுத்த வேண்டும். பட்டை மெத்தென்று வழிவிடும், கட்டையில் முட்டியதும் கைக்குத் தெரியும். உறை பட்டையின் மேல்பரப்பில் நின்றுவிடும், உளி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதைப் படித்துக்கொள்ளலாம். எளிமையான கருவி, ஆனால் நம்பகமானது என்று சொல்ல மாட்டேன். மென்மரங்களிலும், மழைக்காலத்தில் கேம்பியம் மும்முரமாக வேலை செய்யும் நேரத்திலும், உளி எல்லையைத் தாண்டிக் கட்டைக்குள் ஓரிரு மில்லிமீட்டர் போய்விடும். அழுத்துகிறவரின் கைப்பலமும் அளவுக்குள் புகுந்துகொள்ளும். ஒரே மரத்தை இரண்டு பேர் அளந்தால் இரண்டு எண் வரும்.

வெடித்த பட்டையுள்ள மரங்களில் இன்னொரு தொல்லை. தூங்குமூஞ்சி, வேம்பு, கருவேலம் போன்றவற்றின் முதிர்ந்த பட்டையில் மேடும் பள்ளமும் ஓடும். கேஜை மேட்டில் வைப்பதா, பள்ளத்தில் வைப்பதா? டேப் மேடுகளின் மேலேயே போகும். பலாப்பழத்தைச் சுற்றி டேப் போட்டால் அது முள்நுனிகளை மட்டும் தொட்டுக்கொண்டு போவதைப் போல. இடையில் இருக்கும் காற்றும் மரமாகிவிடும். ஆகவே டேப்பில் எடுத்த சுற்றளவிலிருந்து கழிப்பதற்கு மேட்டுத் தடிமன்தான் சரி. பட்டையின் எடையைக் கணிப்பதற்கு மேடும் பள்ளமும் சேர்ந்த சராசரி வேண்டும். இந்த வேறுபாட்டைக் குறிப்பில் எழுதாமல் வெறுமனே ‘பட்டைத் தடிமன்’ என்று போட்ட பழைய தரவுகள் ஏராளம். பின்னால் வருகிறவருக்கு அவற்றால் பாதிப் பயன்தான்.

ஒரு மரத்தில் நான்கு பக்கம் குத்திச் சராசரி எடுத்தால் அந்த மரத்துக்கு விடை கிடைத்துவிடும். காட்டில் லட்சம் மரம் நிற்கும். அத்தனையையும் குத்த முடியாது. சில நூறு மரங்களில் வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் எடுத்து, இரண்டுக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதி, மற்ற மரங்களுக்கு டேப் அளவை மட்டும் வைத்து விடை சொல்வதுதான் வழக்கம். இதில் மிக எளிய கருவி, உள்விட்டத்தை வெளிவிட்டத்தால் வகுத்தால் வரும் விகிதம். பட்டைக் காரணி என்பார்கள். நம் உதாரண மரத்தில் அது 0.937. அமெரிக்க வனவியலாளர் எச். ஆர்தர் மேயர் 1946இல் எழுதிய கட்டுரை இந்த விகிதத்தை வைத்துப் பட்டையின் கன அளவைச் சொல்லும் வழியைப் பரவலாக்கியது. விகிதத்தின் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழித்தால் பட்டையின் பங்கு. விகிதம் 0.95 என்றால் பட்டை கிட்டத்தட்ட 10 சதவீதம், 0.90 என்றால் 19 சதவீதம். நூற்றில் ஐந்து குறைந்ததற்குப் பட்டை இரட்டிப்பாகிவிட்டது.

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அது ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: சின்ன மரமானாலும் பெரிய மரமானாலும், அடியானாலும் நுனியானாலும் இந்த விகிதம் மாறாது என்று. மரங்களுக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. பெரும்பாலான இனங்களில் மரம் பருக்கப் பருக்கப் பட்டையும் தடிக்கும், ஆனால் அதே வேகத்தில் அல்ல. வெளியடுக்கு வெடித்து உதிர்ந்துகொண்டே இருப்பதால் சேர்வதும் கழிவதும் சேர்ந்தே நடக்கின்றன. கொய்யாவும் வெண்மருதும் பட்டையைத் தகடு தகடாக உதிர்த்துவிட்டு வழுவழுப்பாக நிற்கும். ஆகவே இனத்துக்கு ஒரு நேர்கோடு வரைந்தால் அது பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. ஒரு மாறிலியும் ஒரு சரிவும் தேவைப்படும். இளமரத்தில் பட்டையின் பங்கு அதிகமாகவும் முதுமரத்தில் குறைவாகவும் வருவது பல இனங்களில் உண்டு. தீப்பிடிக்கும் காடுகளில் வாழும் சில இனங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், பென்சில் தடிமனில் இருக்கும்போதே பட்டைக்குச் செலவழிக்கத் தொடங்கிவிடுகின்றன.

அடியிலிருந்து நுனிக்குப் போனால் சிக்கல் கூடுகிறது. மார்பு உயரத்தில் அளந்த விகிதத்தை மேலே கிளைவரைக்கும் பயன்படுத்துவது வசதி. அடிப்பட்டை மட்டும் முரட்டுத்தனமாகத் தடித்து, மேலே போகப் போகக் கட்டையைவிட வேகமாக மெலியும் இனத்தில் இப்படிச் செய்தால் மொத்தப் பட்டையைக் கூட்டிச் சொல்லிவிடுவோம். யூகலிப்டஸ் இனங்களில் சில, கீழே கரடுமுரடான பட்டையோடும் ஒரு உயரத்துக்கு மேலே பளபளவென்று வெண்மையாகவும் இருக்கும். மறுதலையாக நடக்கும் இனங்களும் உண்டு. இதைத் தெரிந்துகொள்ள மரத்தை வெட்டிச் சாய்த்து, மீட்டருக்கு ஒரு வில்லை அறுத்து, ஒவ்வொரு வில்லையிலும் பட்டையோடும் பட்டை இல்லாமலும் விட்டம் எடுக்க வேண்டும். அப்படிச் செய்து பெற்ற சமன்பாடுகளில் மார்பு உயர விட்டம், மரத்தின் மொத்த உயரம், நாம் கேட்கும் இடத்தின் உயரம் மூன்றும் இருக்கும். பார்க்க அசிங்கமான சமன்பாடுகள்தான். பட்டைக் காரணியைவிட நேர்மையானவை.

மரக்கடைக்காரர்கள் இந்த வம்பையே வேண்டாம் என்று வேறு பாதையில் போனார்கள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எட்வர்ட் ஹாப்பஸ் என்பவர் அட்டவணையாகப் போட்டுக்கொடுத்த முறை இந்தியாவுக்கும் வந்து நிலைத்துவிட்டது. தடியின் நடுச் சுற்றளவை நாலால் வகுத்து, வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். உண்மையான உருளைக் கன அளவில் இது 78.5 சதவீதத்தைத்தான் காட்டும். மீதி இருபத்தொன்றரை சதவீதம் அறுவையில் போகும் தூளுக்கும் முனைக்கும். கயிறு ஒன்று போதும், நாலாக மடித்தால் வேலை முடிந்தது. பட்டையோடு அளந்த தடிக்கு வாங்குகிறவர் பட்டைக் கழிவு என்று தனியாகப் பேரம் பேசுவது இதற்கு மேலே. அறிவியல் துல்லியம் இல்லை, ஆனால் வியாபாரத்துக்கு எந்தப் பக்கம் தவறினால் யாருக்கு நஷ்டம் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

இதுவரை சொன்னவர்கள் எல்லோருக்கும் பட்டை கழித்துக்கட்ட வேண்டிய ஒன்று. கழித்தது போக மிஞ்சுவதுதான் அவர்களுக்குச் சரக்கு. தாராவிக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் மித்தி ஆற்றின் ஓரச் சதுப்பில் வந்து தோல் பதனிடும் டேனரிகளைப் போட்டார்கள். பாந்திராவில் ஆட்டுத்தொட்டி அருகிலேயே இருந்தது. பச்சைத் தோலுக்கும் தண்ணீருக்கும் பஞ்சமில்லை. அந்தக் காலத்துத் தோல் பதனிடுதல் என்றால் பட்டைதான். தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைப் பட்டையில் இருக்கும் டானின் பிடித்துக்கொள்கிறது. பாக்கைக் கடித்ததும் நாக்கு இறுகுகிறதே, அந்தத் துவர்ப்பும் இதே வேதியியல்தான். டானின் ஏறிய தோல் அழுகாது, தண்ணீர் பட்டால் கூழாகாது. தெற்கில் ஆவாரம்பட்டை, வடக்கில் கருவேலம்பட்டை என்று இரண்டு மரபுகள் இருந்தன. சென்னை மாகாணத்திலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய அரைப்பதத் தோல்களுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது ஆவாரை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே பூவின் செடி. ஆவாரை புதர்தான், அதன் பட்டை மெல்லியது. கொம்புகளை வெட்டித் தட்டி உரித்து எடை போட்டு விற்றார்கள். தடிமனைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

கவலை வந்தது வாட்டில் மரத்தோடு. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கிலிருந்து புறப்பட்ட இந்த அகேஷியா, 19ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்கும் தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கும் போய்ச் சேர்ந்தது. காய்ந்த பட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு டானின். ஆவாரையால் போட்டி போட முடியவில்லை. நட்டாலில் அது பெருந்தோட்டப் பயிரானது. 1947இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் வாட்டிலுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் வந்தது. தோட்டக்காரருக்கு அங்கே கட்டை உபரிதான், பட்டைதான் பயிர். பத்து வருடத் தோப்பில் எத்தனை டன் பட்டை தேறும் என்பதை வெட்டுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். மார்பு உயர விட்டம், உயரம், அங்கே எடுத்த பட்டைத் தடிமன் ஆகியவற்றிலிருந்து பட்டை எடையைச் சொல்லும் அட்டவணைகளை அதற்காகவே தயாரித்தார்கள். தடித்த பட்டையில் டானின் விகிதமும் கூடுதலாக இருப்பதைக் கவனித்தார்கள். ஆகவே தடிமன் எடையையும் சொன்னது, தரத்தையும் சொன்னது. தமிழ்நாட்டு வனத்துறை நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டிலை ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நட்டதற்குப் பின்னால் இருந்ததும் இந்தப் பட்டைதான். குரோமியம் உப்பு வந்து, வாரக்கணக்கில் ஊறிய வேலை ஒரு நாளைக்குள் முடியத் தொடங்கியதும் பட்டையின் மவுசு குறைந்தது. வாட்டில் இன்று சோலைக்காட்டையும் மலைப் புல்வெளியையும் விழுங்கும் களையாக நிற்கிறது. தாராவியிலும் பழைய டேனரிகள் பெரும்பாலும் போய்விட்டன. ஆட்டுத்தொட்டி 1971இல் தேவ்னாருக்கு மாறியது. இப்போது அங்கே வருவது சென்னையிலும் கான்பூரிலும் பதனிட்ட தோல். பையாகவும் பெல்ட்டாகவும் தைத்துச் சயான் சாலைக் கடைகளில் தொங்கவிடுகிறார்கள்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் பட்டையைக் கழிக்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று மட்டும் கேட்பார். மும்பையின் வடக்கே நூறு சதுர கி.மீ.க்கு மேல் பரந்திருக்கும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் மார்ச், ஏப்ரலில் காய்ந்த இலைச் சருகில் தீ ஓடுவது புதிதல்ல. தரையோடு ஓடும் தீ உயர்ந்த மரத்தைப் பொசுக்குவதில்லை, அடிமரத்தைச் சில நிமிடம் சூடாக்கிவிட்டுப் போகிறது. கேம்பியத்தின் வெப்பம் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸைத் தொட்டால் செல்கள் செத்துவிடும். சுற்றிலும் செத்தால் மரமும் போகும். பட்டை செய்யும் காவல் வேலை வெப்பத்தைத் தாமதப்படுத்துவது மட்டுமே. வெப்பம் ஊடுருவும் நேரம் தடிமனின் வர்க்கத்தோடு ஏறுகிறது. பட்டை இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. அமெரிக்க ஊசியிலை மரங்களை வைத்து பீட்டர்சன், ரயன் இருவரும் 1986இல் சொன்ன எளிய சூத்திரம் ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: தடிமனைச் செ.மீ.யில் எடுத்து வர்க்கமாக்கி 2.9ஆல் பெருக்கினால், கேம்பியம் தாங்கும் நேரம் நிமிடத்தில். ஒரு செ.மீ. பட்டைக்கு மூன்று நிமிடம், இரண்டு செ.மீ.க்குப் பதினொன்றரை. நம் ஊர் மரங்களின் பட்டையில் ஈரமும் அடர்த்தியும் வேறு, ஆகவே 2.9 என்ற எண் மாறலாம். வர்க்க உறவு வெப்பக் கடத்தலின் இயற்பியலிலிருந்து வருவது, அது மாறாது.

சஹ்யாத்ரியின் வறண்ட இலையுதிர் காட்டில் பலாசும் கும்பியும் தீக்குப் பிறகும் நிற்பதற்குத் தடித்த பட்டை ஒரு காரணம். கும்பியின் நார்ப்பட்டையை முன்பு துப்பாக்கித் திரியாகப் பயன்படுத்தினார்கள். எரியும், ஆனால் மிக மெதுவாக. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு மரங்களின் பட்டைத் தடிமன் இனத்துக்கு இனம் எப்படி வேறுபடுகிறது என்பதை வி. ஹெக்டே, சுபாஷ் சந்திரன், மாதவ் காட்கில் மூவரும் 1998இல் ஒரு சூழலியல் இதழில் எழுதினார்கள். முதுமலையில் இந்திய அறிவியல் கழகம் 1988இல் குறித்துவைத்த 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுப் பரப்பிலும் தீயும் மரச்சாவும் இடைவிடாமல் பதிவாகி வருகின்றன. எந்த மரம் எந்தப் பருமனில் தீயைத் தாண்டும் என்ற கேள்விக்குச் சுற்றளவிலிருந்து பட்டையைக் கணிக்கும் சமன்பாடு இல்லாமல் பதில் கிடையாது.

இப்போது மூன்று பேரையும் ஒரே மரத்தடியில் நிறுத்தலாம். அதே 150 செ.மீ. சுற்றளவு. உண்மையான பட்டை 15 மி.மீ. நம் கணிப்பு 18 என்று சொல்லிவிட்டது. மூன்று மில்லிமீட்டர், அதாவது இருபது சதவீதப் பிழை. மரக்கடைக்காரரின் கணக்கில் கட்டை 87.8 சதவீதத்துக்குப் பதில் 85.5 என்று வரும். கட்டையின் அளவில் மூன்று சதவீதம்கூடக் குறையவில்லை. பேரத்தில் கரைந்துவிடும். பட்டை வாங்குகிறவருக்கு 12.2 சதவீதம் 14.5 ஆகிவிட்டது. நூறு டன் என்று நம்பி முன்பணம் கொடுத்தவருக்கு எண்பத்து நாலு டன்தான் வந்து சேரும். தீயைக் கணிக்கிறவருக்கோ ஆறரை நிமிடம் தாங்கும் மரம் ஒன்பது நிமிடத்துக்கு மேல் தாங்கும் என்று தெரியும். 44 சதவீதத் தப்பு. இடையில் வரும் தீயில் அந்த மரம் செத்துப்போயிருக்கும். ஒரு பட்டைச் சமன்பாடு நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்ல முடியாததன் காரணம் இதுதான். மரக்கடைக்குப் போதுமானது காட்டுத்தீ ஆய்வாளருக்குப் பயன்படாது. பாடப்புத்தகங்கள் இதை இந்த வரிசையில் சொல்லிக்கொடுத்தால் மாணவர்கள் பாதிச் சந்தேகத்தைத் தாங்களே தீர்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

நகரத்து மரத்துக்கு வந்தால் தீயும் இல்லை, டேனரியும் இல்லை, மரம் விற்பனைக்கும் இல்லை. அப்படியும் பட்டை கணக்குக்குள் வருகிறது. 2021இல் மகாராஷ்டிரம் மரச் சட்டத்தைத் திருத்தியது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன மரங்கள் பாரம்பரிய மரங்கள். அத்தகைய மரத்தை வெட்ட அனுமதி வாங்கினால் அதன் வயது எத்தனையோ அத்தனை கன்று நட வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத மரத்தின் வயதைச் சொல்லக் கையில் இருப்பது பெரும்பாலும் சுற்றளவுதான். மும்பையின் மரங்களில் பலவற்றுக்குத் தெளிவான வருட வளையம் கிடையாது. தேக்கு விதிவிலக்கு. ஒரு இனத்துக்கென்று பட்டையோடு சேர்த்து அளந்து உருவாக்கிய வயதுக் கோடு இருந்தால் பிரச்சினையில்லை, பட்டை அதற்குள்ளேயே அடங்கிவிடும். தடித்த பட்டையுள்ள தூங்குமூஞ்சிக்கும் மெல்லிய பட்டையுள்ள ஆலுக்கும் ஒரே கோட்டைப் பயன்படுத்தினால் பட்டை வயதாக வேடம் போடும். வருடத்துக்கு 2 செ.மீ. சுற்றளவு கூடும் மரத்தில் 9 செ.மீ. என்பது நாலரை வருடம். ஐம்பதுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற வழக்கில் நாலரை வருடம் சின்ன விஷயமில்லை. கார்பன் கணக்கிலும் இதே சிக்கல் இருக்கிறது. டேப் சுற்றளவையும் கட்டையின் அடர்த்தியையும் வைத்து எடை சொல்லும் சூத்திரங்கள், பட்டையின் அடர்த்தி வேறு என்பதைக் கண்டுகொள்வதில்லை.

நகரத்துப் பட்டை சுத்தமாகவும் இருப்பதில்லை. சாலையோர மரங்களுக்குக் காவியும் வெள்ளையும் பட்டையாகப் பூசுவார்கள், அதுவும் சரியாக மார்பு உயரம்வரை. ஆணி, விளம்பரத் தகடு, மின்விளக்குச் சரம், அவற்றை விழுங்கி வீங்கிய காயத் தழும்பு எல்லாம் டேப்புக்கு அடியில் வரும். மழை இன்னொன்று. மும்பையில் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. மே மாத வெயிலில் சுருங்கிக் கிடந்த பட்டை ஜூலையில் தண்ணீர் குடித்து ஊதும். ஒரு செல்லும் புதிதாக வளராமலேயே சுற்றளவு கூடியதாகத் தெரியும். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையிலான வளர்ச்சியைச் சொல்ல விரும்புகிறவர், இரண்டையும் ஒரே மாதத்தில் எடுத்தார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். செம்பூரின் பழைய பங்களாக் காம்பவுண்டுகளில் நிற்கும் தென்னைகளுக்கு இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் பொருந்தாது. பனை, தென்னை, கமுகு வகைகளுக்குக் கேம்பியம் கிடையாது, ஆகவே உண்மையான பட்டையும் கிடையாது. அவற்றின் சுற்றளவிலிருந்து கழிக்க ஒன்றுமில்லை.

பட்டை கேஜைத் தூக்கிக்கொண்டு போய் நகரத்து மரங்களைக் குத்தலாமா? வேண்டாம். நான்கு துளை பெரிய மரத்தைக் கொல்லாது, ஆனால் ஈரமான ஊரில் ஒவ்வொரு துளையும் பூஞ்சைக்கு ஒரு வாசல். மர ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். நல்லவேளையாக மும்பைக்கு அந்த அவசியமே இல்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இங்கே நூற்றுக்கணக்கில் மரங்கள் சாய்கின்றன. 2021 மே மாதம் டௌக்தே புயல் ஒரே நாளில் தெருத்தெருவாகச் சாய்த்துவிட்டுப் போனது. மாநகராட்சி ஆட்கள் வந்து, போக்குவரத்துக்கு வழிவிடத் தடியைத் துண்டு துண்டாக அறுத்து நடைபாதையில் அடுக்கிவிட்டுப் போகிறார்கள். லாரி வரும்வரை சில நாள் அங்கேயே கிடக்கும். வன ஆய்வாளர் ஒருவர் அனுமதி வாங்கி, ஆள் வைத்து, மரத்தை வெட்டிப் பெறும் அதே வில்லைகள்தான் அவை.

தாராவியை ஒட்டி, குப்பைமேட்டின் மேல் வளர்த்து 1994இல் திறந்த மகாராஷ்டிரா நேச்சர் பார்க்கின் பள்ளி மாணவர் குழுக்களோ, செம்பூர், மாதுங்கா கல்லூரிகளின் தாவரவியல் துறைகளோ ஒரு அரையடி ஸ்கேலோடும் டேப்போடும் போனால் போதும். அறுத்த முகத்தில் கட்டையும் பட்டையும் நிறத்தால் பிரிந்து தெரியும். ஒவ்வொரு வெட்டிலும் நாலு திசையில் பட்டைத் தடிமன், மேட்டில் ஒன்று பள்ளத்தில் ஒன்று, குறுக்கே இரண்டு விட்டம், வெட்டு முகம் வேரிலிருந்து எத்தனை மீட்டர், இனம், மாதம். அறுத்த அன்றோ மறுநாளோ எடுத்துவிட வேண்டும், காய்ந்தால் பட்டை சுருங்கிக் கழன்றுவிடும். விழுந்த மரங்கள் ஓரளவு நோயுற்றவை, ஆகவே அவை நிற்கும் மரங்களின் சரியான பிரதிநிதிகள் அல்ல என்ற ஆட்சேபம் வரும். நியாயமானதுதான். உள்ளே உளுத்த மரங்களைத் தனிக் குறியிட்டு வைத்தால் பிறகு பிரித்துக்கொள்ளலாம். ஒரு இனத்துக்கு முப்பது நாற்பது மரம் சேர்ந்தாலே தூங்குமூஞ்சிக்கும் இயல்வாகைக்கும் குல்மொஹருக்கும் தனித்தனிக் கோடு வரையத் தொடங்கிவிடலாம்.